ரசீது வந்தது, பணம் வந்ததா?

சகோதரிகளே, பழைய தையல் இயந்திரத்தை 300 வெள்ளிக்கு விற்கக் கைத்தொலைபேசியில் விளம்பரம் போட்டிருக்கிறீர்களா? பேரமே பேசாமல் ஒருவர் "எடுத்துக்கொள்கிறேன்" என்றால் அங்கேயே உஷாராகுங்கள். நம் ஊரில் பேரம் பேசாமல் யார் வாங்கினார்?

சற்று நேரத்தில் 800 வெள்ளிக்கு ரசீதுப் படம் வரும். "தவறிப் போட்டுவிட்டேன் அக்கா, மீதி 500ஐ அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சுவார். படத்தை யாரும் தயாரிக்கலாம். கணக்கைத் திறந்து பாருங்கள். தொகை தெரிந்தாலும், போட்டது காசோலையானால் அது மாறும்வரை பொறுங்கள். காசோலை திரும்பினால் உங்கள் 500 போனதுதான்.

"பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்பாரும் உண்டு. பணம் போடக் கணக்கு எண் போதுமே, ரகசிய எண் எதற்கு?

ஏமாந்துவிட்டால் வீட்டில் ஏச்சு விழுமென்று மறைக்காதீர்கள். மலேசியாவில் உடனே 997ஐ அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுக்கப் பார்ப்பார்கள்.