நம் முகத்தைப் படிக்கும் நாய்

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறோம். வாசலில் புதுச் செருப்பின் வார் குதறிப்போய்க் கிடக்கிறது. "யார் வேலை இது?" என்று குரலை உயர்த்தியதுமே ஜிம்மி காதைப் பின்னுக்கு மடக்கிக்கொள்கிறது. வால் காலிடுக்கில் போய்விடுகிறது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய நம்மைப் பார்த்து, நாக்கால் உதட்டை ஒருமுறை நக்குகிறது. "பாத்தீங்களா, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது!" என்கிறோம். நாய் வளர்க்கிற வீடுகளில் இதைச் சொல்லாத வீடு அபூர்வம். டீ ஆறுவதற்குள் இந்தப் பார்வையைக் கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்துவிடலாம்.

தப்பு செய்ததால் அந்த முகமா, நாம் திட்டியதால் அந்த முகமா? வீட்டில் இரண்டும் சேர்ந்தே நடப்பதால் நம்மால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் பிரித்தார். மொத்தம் 14 நாய்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விடுவார். அவர் இல்லாதபோது, சில முறை அந்தப் பண்டத்தை ஆய்வாளரே நாய்க்குக் கொடுத்துவிடுவார். சில முறை நாய் தொடாமலே அது எடுக்கப்பட்டுவிடும். பிறகு வளர்ப்பவரை உள்ளே அழைத்து, "தின்றுவிட்டது" என்றோ "சொன்ன பேச்சு கேட்டது" என்றோ சொல்வார்கள். சொன்னது எப்போதும் உண்மையாக இருக்காது. சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. சில முறை, தின்ற நாய்க்கு வரவேற்பும் தின்னாத நாய்க்குத் திட்டும் கிடைக்கும்படி அமைத்திருந்தார்கள்.

குற்ற உணர்ச்சி என்று நாம் நினைக்கும் அந்த முகம், தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறவே இல்லை. திட்டு விழுந்தபோது அது அதிகமாக வந்தது. ஒரு பாவமும் அறியாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நாய்க்குக் குற்ற உணர்ச்சியே கிடையாது என்று இந்த ஆய்வு சொல்லிவிடவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது என்று மட்டும் காட்டியது.

இங்கே நீங்கள் குறுக்கிடுவீர்கள். "நான் வாயே திறக்கலையே, கதவைத் திறக்கும்போதே அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிஞ்சிருந்ததே?" நியாயமான கேள்வி. இந்தத் தவறான எண்ணம் இவ்வளவு உறுதியாக நிலைத்திருப்பதற்கும் இதுவே காரணம். நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். தரையில் கிழிந்த பொருள் கிடக்கிறது, எஜமானர் உள்ளே வருகிறார். முன்பு இவை இரண்டும் சேர்ந்தபோதெல்லாம் திட்டு விழுந்திருக்கிறது. அதனால் இன்றும் விழும் என்று அதற்குத் தெரியும். மேகம் கறுத்ததும் கொடியில் காயும் துணியை எடுக்க நாம் ஓடுவதில்லையா? மழைக்கு நாமா காரணம்? வருவதை அறிந்து ஓடுகிறோம், அவ்வளவுதான். எழுபதுகளிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாய்க்குத் தெரியாமல் மனிதரே காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய் வந்தார். கிழிக்காத நாயும் அதே முகத்தோடுதான் நின்றது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் நாய்க்கு அறிவு இல்லையா?" என்று மனம் வாடத் தேவையில்லை. பெர்லினில் வாழ்ந்த ஹான்ஸ் என்ற குதிரையின் கதையைக் கேட்டால் விஷயம் விளங்கும். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரான வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல், பின்னம், தேதி என்று எதைக் கேட்டாலும் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு குழுவே வந்து சோதித்து, பித்தலாட்டம் ஏதுமில்லை என்றது. உண்மையிலேயே இல்லை. ஃபான் ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஓர் எளிய காரியம் செய்தார். விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார். ஹான்ஸ் திணறியது. கேட்பவரை அதன் கண்ணில் படாமல் மறைத்தார். அப்போதும் திணறியது. ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தது இதுதான்: கேள்வி கேட்டவர்கள் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறார்கள். சரியான எண் வந்ததும், அவர்களை அறியாமலே தலை ஒரு துளி நிமிர்கிறது. அந்த நொடியில் குதிரை தட்டுவதை நிறுத்திவிடுகிறது. ஃபுங்ஸ்டுக்கு இது தெரிந்த பிறகும் தன் தலை அசைவதை அவரால் முழுதும் அடக்க முடியவில்லை. அறிவியல் வகுப்புகளில் இதை ஏமாந்த மனிதர்களின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடியிருந்த அறிஞர்கள் ஒருவர் கண்ணிலும் படாத அசைவு அந்தக் குதிரையின் கண்ணில் பட்டது. கணக்கு தெரியாதுதான். ஆனால் மனிதர்களைத் தெரிந்துவைத்திருந்தது.

நாயின் அறிவும் இந்த வகையைச் சேர்ந்ததே. உணவை ஒளித்துவைத்து, இருக்குமிடத்தை விரலால் சுட்டிக்காட்டினால், நாய் உடனே பிடித்துக்கொள்கிறது. நம் நெருங்கிய உறவான சிம்பன்சி அதில் தடுமாறுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக நம் கூடவே இருந்து வந்த பழக்கம் இது.

காட்டு விலங்குகளும் நம்மைக் கவனிக்கின்றன. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், 2006இல் ஆய்வாளர்கள் ஒரு முகமூடியை அணிந்து சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அதன் பிறகு யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கத்தின. ஆண்டுகள் போகப் போகக் கத்தும் கூட்டம் பெருகியது. பிடிபடாத காகங்களும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தன.

கென்யாவின் அம்போசெலி யானைகள் இன்னும் ஒரு படி மேல். அங்கே மேய்ச்சலுக்காகவும் தண்ணீருக்காகவும் மாசாய் மக்களோடு மோதல் உண்டு, ஈட்டியும் பாயும். கம்பா மக்கள் பெரும்பாலும் உழவர்கள், அவர்களால் ஆபத்து குறைவு. இரு தரப்பினரும் ஒரே வாக்கியத்தைத் தத்தம் மொழியில் பேசிய ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டியபோது, மாசாய் ஆண்களின் குரலுக்குத்தான் யானைகள் அதிகம் மிரண்டு, நெருங்கிக் குழுமி, துதிக்கையை உயர்த்திக் காற்றை மோந்தன. அதே மாசாய் மொழியைப் பெண்களோ சிறுவர்களோ பேசினால் அவ்வளவு பதறவில்லை. 2014இல் வெளியான ஆய்வு இது. மொழி, ஆணா பெண்ணா, வயது ஆகிய மூன்றையும் குரலிலிருந்தே எடைபோடுகின்றன.

இனி நம் வீட்டுச் செருப்புக்கு வருவோம். மதியம் கடித்ததற்குச் சாயங்காலம் திட்டினால், நாய் அந்த இரண்டையும் முடிச்சுப்போடாது. நாம் வீட்டுக்கு வருவதே கெட்ட நேரம் என்று கற்றுக்கொள்ளும். அடித்தால் இன்னும் மோசம். ஆகவே செருப்பை எட்டாத உயரத்தில் வையுங்கள். கடிப்பதற்கு என்று ஒரு பொருளைக் கொடுங்கள். அதைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நொடியிலேயே, தட்டிக்கொடுங்கள்.