மடிக்கணினி ஒலிப்பதிவில் மின் இரைச்சல்: காரணமும் களையும் முறையும்

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுன், தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். அவர்களது பேச்சுத் தமிழைப் பதிவு செய்யக் களப்பணியாளர் ஒருவர் மடிக்கணினியுடன் அங்கே செல்வதாகக் கொள்வோம். முதியவர் ஒருவர் ஒரு மணி நேரம் மனமுவந்து பேசுகிறார். பின்னர்க் கேட்கும்பொழுது அக்குரலின் அடியில் இடைவிடாத முரலல் ஒலிக்குமாயின், நுணுக்கமான ஒலி ஆராய்ச்சிக்கு அப்பதிவு உதவாது. அவர் அதே பேச்சை அதே விதமாக மறுமுறை பேசப்போவதுமில்லை. ஆதலால் இரைச்சலைப் பதிவுக்கு முன்பே களைதல் அவசியம்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும், விநாடிக்கு 50 சுழற்சியும் உடைய மாறுதிசை மின்னோட்டமாகும். ஆகவே முரலலும் 50 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளாகிய 100, 150 ஹெர்ட்ஸ் முதலியவற்றிலும் எழுகிறது. மைக் தரும் மின்னழுத்தமோ சில மில்லிவோல்ட் அளவினதே. அதனைப் பன்மடங்கு பெருக்கும்பொழுது, உடன் புகுந்த சிறு மின்னலைகளும் பெருகிவிடுகின்றன.

இவை புகும் வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, சார்ஜர். அதிலுள்ள மின்தேக்கிகளின் வழியே மிகச் சிறு மின்னோட்டம் கசிகிறது. எர்த் இணைப்பு இல்லாதபோது அது மடிக்கணினியின் உலோக உடலுக்கும் மைக் கம்பிக்கும் பரவும். உடலைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம் தோன்றுவது இதனாலேயே. இரண்டாவது, எர்த் சுற்று. மடிக்கணினி ஒரு சாக்கெட்டிலும், அதனுடன் கம்பியால் இணைத்த ஒலிபெருக்கி வேறொரு சாக்கெட்டிலும் எர்த் பெறுமாயின், அவ்விரு இடங்களின் சிறு அழுத்த வேறுபாடு கம்பியின் உறை வழியே மின்னோட்டத்தைச் செலுத்தும். மூன்றாவது, தூண்டல். டியூப் லைட்டின் சோக், மின்விசிறி ரெகுலேட்டர், மைக் கம்பியை ஒட்டி ஓடும் மின்கம்பி ஆகியவை இரைச்சலைத் தூண்டக்கூடும். இரண்டாம் தலைமுறை முறையில் இயங்கும் கைபேசி அருகிலிருந்தால் விட்டுவிட்டு எழும் ‘டர்ர்’ என்ற ஒலியும் பதிவாகும்.

காரணத்தைக் கண்டறியும் முறை எளிது. சார்ஜரைக் கழற்றி, பாட்டரியில் சிறிது பதிவு செய்து கேட்க வேண்டும். முரலல் மறைந்தால் சார்ஜரின் வழியே அது வந்தது எனத் துணியலாம். பாட்டரியிலேயே பதிவை முடிப்பது நலம். மறையாவிடில் மற்றக் கருவிகளின் இணைப்பை ஒவ்வொன்றாக நீக்கியும், விளக்கு, விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியும், மைக் கம்பியை இடம் மாற்றியும் சோதிக்க வேண்டும். மின்சாரத்தில் இயக்கியே தீரவேண்டுமெனின், எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே பலகையில் இணைத்தல் வேண்டும்.

முரலலை ஒழிப்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் வெட்டலாகாது. உயிரைக் காப்பது அம்முனையே.

மைக் கம்பி குறுகியதாகவும் உறையிட்டதாகவும் இருக்கட்டும். மின்கம்பியைக் கடக்க நேரின் குறுக்காகக் கடக்கட்டும். மைக் வாயருகே இருப்பின் பெருக்கத்தைக் குறைக்கலாம், இரைச்சலும் குறையும். யு.எஸ்.பி. மைக்கில் ஒலி அதனுள்ளேயே எண்வடிவாக மாறுவதால், நலிந்த மின்னலை நெடுந்தூரம் செல்ல நேர்வதில்லை.

பதிவுக்குப் பின் கணினியில் வடிகட்டலாமே எனச் சிலர் கருதலாம். ஆயின் ஆண்குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலேயே அமைகிறது. முரலலை வெட்டும்பொழுது குரலின் ஒரு பகுதியும் வெட்டுண்ணும். ஆகவே பேச்சைத் தொடங்குமுன் பத்து விநாடி மௌனத்தைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்தல் வேண்டும். அம்மௌனம் தூயதாயின் பதிவும் தூயதாகும்.