நிரலுக்கும் ஒரு முகம்

மென்பொருள் எழுதுவோர் நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. அந்தப் பதிவுகளை உலகுக்குக் காட்டப் பெரும்பாலோர் நாடுவது கிட்ஹப்பை. 2018-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்க முன்வந்த அந்தத் தளத்தில் எல்லோர் பக்கமும் ஒரே வார்ப்பு. இதற்கு மாற்று, ஸ்டாகிட் போன்ற சிறு நிரல்கள். அவை பதிவுகளை வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக்கித் தந்துவிடும். சர்வரில் தனியாக எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை. நெல்லித்தோப்பில் பழைய கணினி வைத்திருக்கும் ஒரு மாணவர்கூடத் தன் பக்கத்தைத் தன் ரசனைப்படி வடிவமைக்கலாம்.

ஒரே தோற்றம் இருந்தால் படிப்பவர் தேடி அலைய வேண்டாமே என்பார்கள். நியாயம்தான். கோப்புப் பட்டியல், மாற்றக் குறிப்பு, வரி எண் ஆகியவை பழகிய இடத்திலேயே இருக்கட்டும். நிறமும் எழுத்துருவும் இடைவெளியும் எழுதியவருடையவை. தமிழில் எழுதிய நிரலுக்கு இது அலங்காரமே அல்ல, அடிப்படைத் தேவை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்பது கட்டளைச் சொல். ஆங்கில எழுத்துக்கென அளந்த சம அகலக் கட்டங்களில் ‘ணை’, ‘கௌ’ போன்றவை நெரிபடும், வரிசை கலையும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் போன்ற கட்டற்ற எழுத்துருவும், சற்றுக் கூட்டிய வரி உயரமும் இருந்தால் படிக்க இதமாகிவிடும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் அதற்குச் சில வரிகள் போதும்.