போலியோ வந்த கால் மறுபடியும் தளர்கிறதா?

நாற்பது, ஐம்பது வருஷங்களுக்கு முன்பு இளம்பிள்ளை வாதம் என்கிற போலியோ நம் கிராமங்களில் அடிக்கடி கண்ட நோய். காய்ச்சல் கண்ட குழந்தையின் கால் சில நாளில் துவண்டு போகும். இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக நோய் கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். ஆனால் அன்று பிழைத்த குழந்தைகள் இன்று குடும்பம் நடத்தும் கணவனாகவும் மனைவியாகவும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்களில் சிலர் இப்போது சொல்வது இது: "இத்தனை வருஷம் முட்டியிலே கையை ஊன்றியாவது கடைத்தெரு வரை போய் வந்தேன். இப்போ பாதி வழியிலேயே கால் கெஞ்சுது." நன்றாக இருந்த காலும் வலிக்கிறது, சாயங்காலம் ஆனால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, பனிக்காலத்தில் கால் சில்லிட்டுப் போகிறது. வீட்டிலோ, "வேலைக்குப் பயந்து சொல்றாங்க" என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் வலியைவிட அதிகம் வருத்தும்.

இது சோம்பல் அல்ல. போலியோ கிருமி, தசைகளை இயக்கும் நரம்பு அணுக்கள் பலவற்றை முதுகுத் தண்டில் அழித்துவிடுகிறது. மிஞ்சிய அணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, அனாதையான தசைகளையும் சேர்த்து இயக்குகின்றன. இரண்டு ஜோடி மாடு உழ வேண்டிய நிலத்தை ஒரே ஜோடி உழுவது போலத்தான். 15 வருஷமோ 40 வருஷமோ கழித்து அந்தக் கிளைகள் சோர்ந்து உதிரத் தொடங்கும். கிருமி திரும்பி வரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு இது ஒட்டாது. பிள்ளைகளுக்கும் பரம்பரையாக வராது.

இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்த சோகை, சர்க்கரை, தைராய்டு, முதுகெலும்புக் கோளாறு ஆகியவை காரணமா என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆகவே கணவன் மனைவி இருவருமே போங்கள். எந்த வயதில் போலியோ வந்தது, எந்தக் கை கால், தளர்ச்சி எப்போது முதல் என்று சொல்லுங்கள். பழைய காலிப்பரையும் செருப்பையும் எடுத்துப் போங்கள். தூக்கத்தில் மூச்சுத் திணறல், காலையில் தலைவலி, விழுங்கும்போது புரையேறுதல் இருந்தால் மறைக்க வேண்டாம்.

குணமாக்கும் மருந்து இல்லை. தெம்பு ஊசிக்கும் டானிக்குக்கும் காசைக் கொட்டாதீர்கள். உதவுவது ஓய்வுதான். களைத்த பிறகு உட்காருவது அல்ல, களைக்கும் முன்பே உட்காருவது! "நடந்தாத்தான் கால் வரும்" என்று விரட்டாதீர்கள். பயிற்சி செய்த மறுநாளும் அசதி நீடித்தால் அது அதிகம் என்று அர்த்தம். அளவு முறையை டாக்டரோ பயிற்சியாளரோ சொல்லித் தருவார்கள். தண்ணீர்க் குடத்தை மற்றவர் தூக்கலாமே. உடம்பு எடை கூடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தளர்ந்த காலின் எலும்பு மெலிந்திருக்கும், விழுந்தால் எளிதில் முறியும். ஊன்றுகோலுக்கு வெட்கப்பட வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாடோ வேறு எதுவோ, ஆபரேஷனுக்கு முன்பு போலியோ வந்ததை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இவர்களுக்குச் சில மயக்க மருந்துகள் சாதாரண அளவிலேயே அதிகமாக வேலை செய்யக்கூடும். மனைவிக்குப் போலியோ இருந்தால், கணவர் செய்து கொள்ளும் தழும்பில்லாத வாசக்டமி சுலபம். மரத்துப் போகும் ஊசி மட்டும் போதும்.

காலிப்பர், ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டிக்கு அடையாள அட்டையுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு. நர்ஸம்மாவிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.