உங்களுக்குத் தெரியுமா? கைநாட்டு வாங்கினாலும் நட்டஈட்டு உரிமை போகாது

சம்மாந்துறை அரிசி ஆலையில் பெல்ட்டுக்குள் கை சிக்கிவிட்டது. "உன் கவனக்குறைவுதானே" என்கிறார் முதலாளி. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் முன் அந்தப் பேச்சு எடுபடாது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா என்பதே அடிப்படைக் கேள்வி. குடிபோதை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

நாட்கூலி என்பதற்காகவும் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தவர் என்றால் அவரும் தொழிலாளியே. 2022இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இப்போது கணக்கில் சேரும். அக்கரைப்பற்று வீதியில் காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் கல்முனைக் கடைகளுக்கு வந்துபோகும் பொடியன்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

தொழிலாளி மௌத்தானால், நட்டஈட்டை முதலாளி நேரே வீட்டாரிடம் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். தங்கி வாழ்ந்தோருக்குப் பங்கிடுவது அவர் பொறுப்பு. மையித்து வீட்டில் கையில் திணிக்கப்படும் காசு உதவியே தவிர, சட்டப்படியான நட்டஈடு அல்ல. ஊழியர் சேமலாப நிதிப் பணமும் இதில் கழியாது. அது வேறு, இது வேறு.

"இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கிய கடிதமா? உரிமையைக் கைவிடச் செய்யும் அப்படியான உடன்படிக்கை சட்டத்தில் செல்லாது.