பழைய கணனியை வீசுமுன்: பிள்ளைகளின் விளையாட்டுக்கு லினக்ஸ்

வந்து குடியேறிய புதிதில் எமது வீடுகளுக்குள் வரும் முதற் கணனி பெரும்பாலும் பழையதுதான். தெரிந்தவர் தந்ததாக இருக்கும், அல்லது பாவித்த பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியதாக இருக்கும். பகலில் பெற்றோர் அதில் படிவம் நிரப்புவார்கள், மொழி படிப்பார்கள். பின்னேரமானால் அது பிள்ளைகளின் கைக்குப் போய்விடும். விளையாட்டுத்தானே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் புதிய பாடசாலையில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, விளையாடும்போது வகுப்புத் தோழர்களுடன் அந்த நாட்டு மொழியில் தயக்கமின்றிக் கதைப்பதையும் நாம் காண்கிறோம்.

இந்தக் கணனிகளுக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்களில் தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணனிகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை.

"புதிதாக வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். "கள்ளப் பிரதி போட்டுத் தருகிறேன்" என்பார் இன்னொருவர். முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதில் ஆபத்து உண்டு. அத்தகைய பிரதிகளுக்குள் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் ஒளிந்திருக்கலாம். அதே கணனியில்தானே நாம் வங்கிக் கணக்கையும் பார்க்கிறோம்!

மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதுதான் லினக்ஸ். பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த 1991இல் இதைத் தொடங்கினார். இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. இலவசமாக எடுத்துப் போடுவது முழுக்கச் சட்டபூர்வமானது.

விளையாட முடியுமா?

விண்டோசுக்கென எழுதிய விளையாட்டை லினக்ஸ் நேரடியாக விளங்கிக்கொள்ளாது. அலுவலகங்களில் எமக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பதுபோல இங்கும் ஒருவர் தேவை. அந்த வேலைக்காக 'வைன்' என்ற மென்பொருள் 1993இல் தொடங்கப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018இல் 'புரோட்டன்' என்பதை வெளியிட்டது. "இந்தப் படத்தை வரை" என்று விளையாட்டு விண்டோஸ் பாணியில் கேட்பதை, புரோட்டன் உடனுக்குடன் லினக்ஸ் பாணியில் மாற்றிச் சொல்லும். 2022இல் வெளிவந்த 'ஸ்டீம் டெக்' என்ற கைக்கருவியும் லினக்ஸில்தான் இயங்குகிறது. ஸ்டீம் கடையிலுள்ள ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று இவ்வாறு ஓடுகின்றன. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு ஆகியவற்றுக்கு இந்த மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

எங்கே மறிபடும்?

அளாப்பி விளையாடுவோரைப் பிடிக்கச் சில நிறுவனங்கள் காவல் மென்பொருள் வைத்திருக்கின்றன. அவற்றுட் சில லினக்ஸை உள்ளே விடுவதில்லை. வலோரன்ட், லீக் ஒஃப் லெஜன்ட்ஸ், ஃபோர்ட்நைட் ஆகியவை இதனால் லினக்ஸில் ஓடா. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2024இல் கதவை மூடியது. ஆகவே எதையும் மாற்றுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: "தோழர்களோடு என்ன விளையாடுகிறாய்?" அந்தப் பெயர்களை 'புரோட்டன் டிபி' என்ற இணையத்தளத்தில் தேடினால், லினக்ஸில் விளையாடிப் பார்த்தவர்களின் அனுபவங்கள் கிடைக்கும்.

தோழர்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டு ஓடாது என்று தெரிந்தால் விண்டோஸை அழித்துவிடாதீர்கள். கணனியைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைத் தனிமைப்படுத்தக் கூடாது. வன்தட்டில் இடமிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, வங்கி அலுவல்களை லினக்ஸில் மட்டும் பாருங்கள்.

செய்யும் முறை

முதலில் படங்களையும், விசா மற்றும் அகதி விண்ணப்பப் பத்திரங்களின் பிரதிகளையும் வேறொரு வன்தட்டில் சேமியுங்கள். புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' இலகுவானது. அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி யூ.எஸ்.பி. ஒன்றில் எழுதிக்கொள்ளலாம். எதையும் அழிக்காமல் அந்த யூ.எஸ்.பி.யிலிருந்தே கணனியை இயக்கிப் பார்க்க முடியும். இணையம், ஒலி, ஒலிவாங்கி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதியுங்கள். திருப்தியானால் மட்டும் நிரந்தரமாக நிறுவுங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, அம்மம்மாவுக்கும் உதவும்.

ஒன்றை மறக்கக் கூடாது. லினக்ஸ் போட்டதால் பழைய கணனி புதியதாகிவிடாது. வலிமையான வரைகலை அட்டை கேட்கும் விளையாட்டுகள் அதில் முன்பும் ஓடியிரா, இனியும் ஓடா.

ஒரு சனிக்கிழமையைப் பிள்ளையோடு இதற்கென ஒதுக்குங்கள். கணனி விடயத்தில் அவர்களுக்கு எம்மைவிடக் கூடத் தெரியும். செய்யச் சொல்லிவிட்டு அருகில் இருங்கள்.