பத்திரிகை வந்திருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

போன தை மாதம் ஒரு சாயங்காலம். அடுப்பில் பால், இடுப்பில் சின்னவன். பெரிய நாத்தனாரின் நம்பரிலிருந்து வாட்ஸப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்தது. அவர் பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்த சமயம். 'அட, நமக்குச் சொல்லாமலே முடிச்சுட்டாங்களே!' என்ற ஆற்றாமையில் தட்டிவிட்டேன். ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தேன். இன்னொன்று கேட்டது, அதையும் கொடுத்தேன். பத்திரிகை திறக்கவேயில்லை. பால்தான் பொங்கி வழிந்தது.

மறுநாள் காலையில் என் கணக்கில் 18,000 ரூபாயைக் காணோம். பெரியவன் ஸ்கூல் ஃபீஸுக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம், சகோதரிகளே! நாத்தனாருக்குப் போன் போட்டால், "நான் ஒண்ணும் அனுப்பலையே! எனக்கும் அப்படி ஒண்ணு வந்துது, தொறந்தேன்" என்று அவர் அழுகிறார். அவர் போனுக்குள் புகுந்தது, தானாகவே எனக்கும் அனுப்பியிருக்கிறது.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பேருக்குக் கடைசியில புள்ளி வெச்சு என்ன இருந்துச்சு?" அந்த மூன்றெழுத்துதான் ஃபைலின் ஜாதகமாம். 'ஜேபிஜி' என்றால் படம். 'ஏபிகே' என்றால் ஆண்ட்ராய்டு போனில் குடியேறும் ஆப். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடுத்துவிட்டால், பாங்க் அனுப்பும் ஓ.டி.பி.யை நமக்கு முன்னால் திருடன் படித்துவிடுவான். கல்யாணப் பத்திரிகையில் எங்கேயாவது ஆப் இருக்குமோ? இதே மோசடியைப் பற்றி இமாசலப் பிரதேசப் போலீஸார் 2024-லேயே எச்சரித்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

தந்திரமும் பழசுதான். 2000-ஆம் வருஷம் மே மாதம் 'ஐ லவ் யூ' என்று ஈ-மெயிலில் ஒரு காதல் கடிதம் உலகத்தையே சுற்றியது. பார்த்தால் வெறும் 'டிஎக்ஸ்டி'. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த 'விபிஎஸ்' என்ற நிஜ வாலைப் பல கம்ப்யூட்டர்கள் காட்டவேயில்லை!

"அப்போ பிடிஎஃப்னா பயமில்லையா?" என்றேன். அதுவும் முழுக்க நம்பக்கூடாதாம். கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி பிடிஎஃப்புக்குள் இன்னொரு ஃபைலைப் பொதிந்து அனுப்பலாம். 'உள்ளே இருப்பதைத் திறக்கவா?' என்று கேட்டால், வேண்டாம் என்றே அழுத்துங்கள். வேர்டு ஃபைலில் 'மேக்ரோ' என்று ஒன்று ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் ஃபைல்களில் அதை 2022 முதல் மைக்ரோசாஃப்ட்டே தடுத்து வைக்கிறது. 'அனுமதித்தால்தான் படிக்க முடியும்' என்று அந்த ஃபைலே சொன்னால், அப்போதே சந்தேகப்படுங்கள்.

தெரியாமல் தட்டிவிட்டீர்களா? உடனே வைஃபை, டேட்டா இரண்டையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து பாங்குக்கும் 1930-க்கும் கூப்பிடுங்கள். பிறகு அந்த ஆப்பை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள். நான் 1930-க்குப் பேசும்போது மத்தியானம் ஆகிவிட்டது. 6,000 ரூபாயை மட்டும் வழியில் நிறுத்த முடிந்தது. ஃபீஸுக்கு என் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று.

ஆவணியில் நாத்தனார் பெண்ணுக்கு நிஜமாகவே நிச்சயமாயிற்று. தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு நேரில் வந்து பத்திரிகை வைத்தார். "நல்லா தொறந்து பாரு, ஒண்ணும் ஆகாது!" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.